மணப்பட்டுக் கரியும் ராகுகாலத்துக் கம்பியும்

பாகூர் ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்ட வழி கேட்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். அதில் ஒருவர், "அக்கா, வில்லியனூர்லேர்ந்து பாகூர் வரைக்கும் பாக்கறதுக்கு இன்னா இருக்கு? அரை நாள் போதுமா?" என்று கேட்டிருந்தார். போதும் தம்பி. வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். வழியும் நேரமும் கடைசியில் தருகிறேன். அதற்கு முன், அந்த வழியில் நான் போன ஒரு பயணத்தைச் சொல்லியாக வேண்டும். ஊர் ஊராகச் சுற்றி முப்பது வருஷமாகிறது. பனியில் மாட்டியிருக்கிறேன், மொழி தெரியாத ஊரில் பையைத் தொலைத்திருக்கிறேன். எதிலும் அந்த இருபத்தேழு கிலோமீட்டரில் பட்ட பாடு படவில்லை.

1980, மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வயது இருபத்து மூன்று. ரசாயனம் படித்துவிட்டு, வில்லியனூருக்கு மேற்கே ரயில் பாதையை ஒட்டியிருந்த என் மாமாவின் ரோலிங் மில்லில் வேலை பார்த்தேன். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருந்தவர், கம்பி வாங்கி விற்பதைவிட நாமே இழுத்தால் என்ன என்று மில் தொடங்கினார். கையளவு தடிமனுள்ள இரும்புத் துண்டுகளை உலையில் சிவக்க வைத்து, சுழலும் உருளைகளுக்கு நடுவே விட்டு விட்டு இழுத்தால் வீடு கட்டும் கம்பி கிடைக்கும். முப்பத்தெட்டு பேர் அதை நம்பிச் சாப்பிட்டோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உலை எரிந்தது ஃபர்னஸ் ஆயிலில். அந்த வருஷம் ஆயில் விலை தாறுமாறாக ஏறியது, கொடுக்கத் தயாராக இருந்தாலும் லாரி வரவில்லை. மாமா பாதி நாள் மில்லைப் பூட்டி வைத்தார். பிறகு உருளைகளையும் மோட்டாரையும் கழற்றி விற்றுவிடுவதாக வெளியூர்க்காரர் ஒருவரிடம் பேசி முடித்தார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

கரியிலிருந்து கேஸ் எடுக்கலாம் என்றேன். இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. யுத்த காலத்தில் நம் பக்கம் பஸ்கள் ஓடியதே இந்தக் கேஸில்தான். ஆள் உயர இரும்பு ட்ரம்முக்குள் செங்கல் பதித்து, கரியை நிரப்பி, அடியில் மட்டும் கொஞ்சமாகக் காற்று ஊத வேண்டும். காற்று தாராளமாகக் கிடைத்தால் கரி அங்கேயே எரிந்து தீர்ந்துவிடும். காற்றுப் போதாமல் எரிந்தால் எரியக்கூடிய ஒரு கேஸ் கிளம்பும். அதைக் குழாயில் கொண்டுபோய் உலைக்குள் மறுபடி காற்றோடு சேர்த்து எரிக்கலாம். கரியை நேராக உலையில் கொட்டினால் என்ன என்று கேட்பீர்கள், மாமாவும் கேட்டார். கொட்டினால் பக்கத்தில் இருக்கும் துண்டு உருகி ஒழுகும், தள்ளி இருப்பது கறுத்துக் கிடக்கும், சாம்பல் வேறு அப்பிக்கொள்ளும். உருளைக்குள் போகும் இரும்பு தலையிலிருந்து வால் வரை ஒரே நிறத்தில் சிவந்திருக்க வேண்டும். அதற்குக் கேஸ்தான் சரி. இரண்டு மாதம் மல்லுக்கட்டி ட்ரம்மைக் கட்டி முடித்தோம்.

சனிக்கிழமை காலை முதல் தடவை மூட்டுவதாக ஏற்பாடு. இங்கே எங்கள் மில்லின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உலை மூட்டும்போது தட்டில் கற்பூரம் ஏற்றி உலை வாய்க்குக் காட்டி, அந்தக் கற்பூரத்தையே உள்ளே எறிவார்கள். எண்ணெய் பற்றிக்கொள்ளும். இன்னொரு வழக்கமும் உண்டு. அந்த நேரத்தில் பொம்பளை உலைக்கு எதிரே நிற்கக்கூடாது. எனவே ட்ரம்மைக் கட்டிய என்னைச் சுவருக்குப் பின்னால், ட்ரம்முக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். உலை எனக்குத் தெரியாது, உலைக்காரர்களுக்கு நான் தெரியமாட்டேன்.

நான் தலைபாடாய் அடித்துச் சொல்லியிருந்தேன். கேஸை முதலில் உலைக்குள் விடாதீர்கள், கூரைக்கு மேல் போகும் வெளிக்குழாயில் விட்டு அங்கே கொளுத்துங்கள், சுடர் அணையாமல் நின்று எரிய அரை மணிக்கு மேலேயே பிடிக்கும், அதற்கு முன்னால் வருவது காற்றும் கேஸும் கலந்த வெடிமருந்து என்று. மணி எட்டு நாற்பது. சனிக்கிழமை ஒன்பதுக்கு ராகுகாலம். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். "வெளிய எரிச்சு வீணாக்கறதுக்கு இன்னாத்துக்கு? உள்ள வுடு, நேரம் போவுது" என்றிருக்கிறார். உலை சில்லென்று கிடந்தது. வால்வைத் திறந்து விட்டுவிட்டு, கற்பூரம் ஏற்றி, மணியடித்து, மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டி நிதானமாக எறிந்திருக்கிறார்கள். அதற்குள் உலை முழுக்கக் கேஸ்.

சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டதாம். உலைக் கதவு பத்தடி தள்ளிப் போய் விழுந்தது. உலை மேஸ்திரி தனகோடி அண்ணனுக்கு இரண்டு புருவமும் பொசுங்கி, வலது முழங்கைக்குக் கீழே கொப்பளித்துவிட்டது. உயிர் போகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம், வேறு எந்த சாமர்த்தியமும் இல்லை. பதறிப்போனவர்கள் கையில் கிடைத்த வாளியை எடுத்து, அடுக்கி வைத்திருந்த கரி மூட்டை அத்தனையின் மேலும் தண்ணீர் ஊற்றினார்கள். தீப்பிடிக்காத கரியை அணைத்த ஆட்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

பிறகு ஆரம்பித்தது பேச்சு. "பொம்பள கைவெச்ச கேஸு, வெடிக்காம இன்னா பண்ணும்?" என்றார் ஒருவர். மாமா என்னைத் தனியே கூப்பிட்டு, "போதும் கோமதி. திங்கக்கிழம ஒம்பது மணிக்கு அந்தாளு வராரு. கையெழுத்து போட்டுட்டு நிம்மதியா இருக்கறேன்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சுவருக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டு, நடந்ததற்கு என்னைக் காரணம் சொல்கிறார்கள்! "ஒம்பது மணிக்கு முன்னாடி கம்பி இழுத்துக் காட்டினா?" என்று கேட்டேன். மாமா சிரித்தார். "இழு பாக்கலாம். இழுத்துட்டினா அந்தாள வாசலோட அனுப்பிடறேன்" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் சொன்ன சொல் சொல்தானே. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

நனைந்த கரி காய மூன்று நாள் ஆகும். உலர்ந்த கரி வேண்டும், அதுவும் ஞாயிறு சாயங்காலத்துக்குள். ராத்திரி முழுக்க எரிந்தால்தான் காலையில் இரும்பு சிவக்கும். சில்லென்ற உலையை நினைத்தும் கவலை. தனகோடி அண்ணன் கட்டுப் போட்ட கையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, டாங்கில மிச்சம் இருக்கற ஆயில்ல நாளைக்கு உலைய லேசா சூடு பண்ணி வெச்சிருங்க. சூடா இருந்தா கேஸு உள்ள வந்ததுமே எரிஞ்சிரும், வெடிக்காது" என்றேன். அவர் பதிலே சொல்லவில்லை.

ஞாயிறு காலை 5.30 முதல் பஸ். வில்லியனூரிலிருந்து பாண்டிச்சேரி பத்து கிலோமீட்டர், ஐம்பது பைசா. 6.30க்குப் பாகூர் பஸ், ஒரு ரூபாய் பத்து பைசா. 7.25க்கு இறங்கினேன். ஏரி நிறைந்து கிடந்தது, கரையெல்லாம் பறவை. நின்று பார்க்கவில்லை. இன்றைக்குப் படம் எடுக்க நீங்கள் நிற்கப்போகும் அதே இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியவள் நான்.

பாகூரில் ஏழுமலை என்று ஒரு கரும்பு விவசாயி, ட்ராக்டர் வைத்திருந்தார். எங்கள் மில்லில் கம்பிக்குச் சொல்லிவைத்துக் காத்திருந்தவர், அதனால்தான் அவரைத் தேடிப் போனேன். வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, நேத்து உங்க மில்லு வெடிச்சிருச்சாமே?"

"வெடிக்கல. கதவுதான் போச்சு."

"என் மாடி வூடு தளம் போடாம நிக்குது. கம்பி எப்ப தருவீங்க?"

"கரி ஏத்திக்கினு வந்தீங்கனா செவ்வாக்கிழம. இல்லனா எப்பவும் இல்ல."

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு யோசித்தார். அன்றைக்குச் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு இல்லை, வண்டி சும்மாதான் நின்றது. வாடகை நாற்பத்தைந்து ரூபாய், டீசல் அவருடையது என்று பேசி 8.15க்குக் கிளம்பினோம். சட்டையைக்கூட வழியில்தான் மாட்டினார்.

பாகூரிலிருந்து கன்னியகோயில் வழியாக மணப்பட்டு ஏழு கிலோமீட்டர். கடற்கரையை ஒட்டிச் சவுக்குத் தோப்புகள். மரத்தை வெட்டி விற்றபின் மிஞ்சும் அடிக்கட்டைகளைக் குவித்து, மண் பூசி, உள்ளேயே புழுங்க வைத்துக் கரியாக்குவார்கள். மூட்டம் என்று பெயர். அஞ்சலை என்பவர் அங்கே மூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும், குரல் தோப்புக்கு வெளியிலிருந்தே கேட்டது. அன்று விடிகாலை ஒரு மூட்டத்தைப் பிரித்திருந்தார். கரி கறுப்புக் கண்ணாடித் துண்டுபோல் கிடந்தது, தட்டினால் கிணுகிணுவென்று சத்தம். இரண்டு பேர் மூட்டைக்கு அள்ளிக்கொண்டிருக்க, அஞ்சலை குடத்துடன் வந்து தண்ணீர் தெளிக்கப் போனார். நான் போய்க் குறுக்கே நின்றேன்.

"தண்ணி வேணாம்க்கா. உலர்ந்த கரிதான் வேணும்."

"தண்ணி காட்டாம கரி அனுப்பறதா? இன்னாடி பேசற நீ? எடைக்கு தெளிக்கறேன்னு நெனச்சியா?"

"எதுக்கா இருந்தாலும் வேணாம்."

"மூணு தடவ தெளிச்சுட்டு ரெண்டு நாளு ஆறப் போடுவோம். உள்ள எங்கியாவது ஒரு கண்ணு நெருப்பு தூங்கினு இருக்கும். வண்டியில காத்து பட்டா முழிச்சுக்கும்."

எனக்கு இரண்டு நாள் இல்லை. நனைந்த கரியைப் போட்டால் கேஸ் நோஞ்சானாக வரும், இரும்பு சிவக்காது. மில்லின் கதையைச் சொன்னேன், வெடித்ததையும் சொன்னேன். அஞ்சலை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில், "சரி, தெளிக்கல. ஆனா நானும் கூட வரேன். என் கரி வழியில எரிஞ்சுதுனா நாளைக்கு எவன் வாங்குவான்?" என்று குடத்தோடு ட்ரெய்லரில் ஏறிவிட்டார். நாற்பது மூட்டை. 10.30க்குக் கிளம்பினோம். ஏழுமலை ஓட்ட, நானும் அஞ்சலையும் மூட்டைகளின் மேல்.

இந்தப் பக்கத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்தி. பாண்டிச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை. பாகூர்ப் பக்கத்திலிருந்து பாண்டிச்சேரிக்குப் போக, நடுவில் ரெட்டிச்சாவடி அருகே தமிழ்நாடு குறுக்கே விழும். அப்போது அது தென்னாற்காடு மாவட்டம், தமிழ்நாட்டில் மதுவிலக்கு. பாண்டிச்சேரியிலிருந்து எதை ஏற்றி வந்தாலும் அடியில் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வைக்கோல் வண்டியைக்கூடக் கம்பியால் குத்திப் பார்த்துத்தான் விடுவார்கள். இரண்டு பெண்கள் கரி மூட்டை மேல் உட்கார்ந்து வந்தால் சந்தேகம் வராமல் இருக்குமா? 11.05க்குச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள்.

"கரிக்கு எதுக்கும்மா ரெண்டு பொம்பளைங்க காவல்?" என்றார் காவலர். வயதானவர், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கையோடு கொண்டுவந்திருந்த மில்லின் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். ஆனாலும் நீளமான கம்பியை எடுத்து மூட்டைகளைக் குத்த ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது மூட்டையில் குத்தி இழுத்த கம்பியின் நுனியைத் தொட்டுப் பார்த்தவர் கையை உதறினார்.

"யோவ்! உள்ள நெருப்புய்யா!"

குத்திய ஓட்டை வழியாக மெல்லிய புகை வந்தது. நெருப்பில்லாமல் புகையாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டுப் புளித்த பழமொழி என் காலடியிலேயே வந்து நின்றது. அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது. ஏழுமலை ட்ராக்டரிலிருந்து குதித்து, "என் டயரு, என் டயரு" என்று அலறினார். சாவடியில் நாலு வாளி இருந்தது. மொத்த லோடையும் நனைக்கச் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டார் காவலர்.

நான் மூட்டைகளுக்கு நடுவில் கால் நீட்டிப் படுத்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. ஊற்றினால் எல்லாம் போச்சு என்பது மட்டும்தான் தெரிந்தது.

"ஏம்மா, எறங்கு! எரிஞ்சு செத்தினா யாரு பதில் சொல்றது?"

"மொதல்ல என் மேல ஊத்துங்க சார். அப்புறம் கரி மேல ஊத்தலாம். நாப்பதுல எதுல நெருப்புனு பாக்காம நாப்பதையும் நனைச்சா முப்பத்தெட்டு பேரு அடுப்பு அணைஞ்சிரும்."

"உனக்கு இன்னா பைத்தியமா?"

"ஆமா சார், நேத்து காலைலேர்ந்து."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பத்து நிமிசம் குடுங்க ஐயா. எது முழிச்சிருக்குனு என் கை சொல்லும்" என்றார். மூட்டை மூட்டையாக இறக்கி, ஒவ்வொன்றின் மேலும் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துப் பார்த்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் அவ்வளவு பொறுமை. பத்து நிமிஷம் என்றது ஒன்றே முக்கால் மணி நேரமானது. மூன்று மூட்டை சூடாக இருந்தது. மூன்றையும் ஏழுமலை உருட்டிப் போய் ரோட்டோர வாய்க்காலில் தள்ள, புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. மிச்சம் முப்பத்தேழையும் திரும்ப ஏற்றினோம். காவலரும் சட்டையெல்லாம் கரியாக்கிக்கொண்டு ஒரு கை கொடுத்தார். சாராயத்தைத் தேடிய கம்பி நெருப்பைக் காட்டியது. அவர் குத்தாமல் விட்டிருந்தால் அரியாங்குப்பத்துப் பாலத்தின் மேல் போகும்போது பற்றிக்கொண்டிருக்கும்.

வண்டி கிளம்பியபின்தான் எனக்கு உறைத்தது. நல்ல நேரம் போய்விடும் என்று அவசரப்பட்டார் மாமா. நேரமே இல்லை என்று அவசரப்பட்டேன் நான். கரிக்கு இரண்டும் ஒன்றுதான். "தப்பு என்னுதுக்கா" என்று அஞ்சலையிடம் சொன்னேன். "தெரியுது இல்ல? சும்மா வா" என்றார். அவ்வளவுதான் எங்கள் சமாதானப் பேச்சு.

12.50க்குச் சாவடியை விட்டோம். அரியாங்குப்பம் 1.30. அங்கே மூன்று டீ, ஆறு பன். கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கை கழுவச் சொம்பு கொடுத்தார். முருங்கப்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பி, கொம்பாக்கம், ஒதியம்பட்டு வழியாக வில்லியனூர். நீங்கள் சைக்கிளில் போகும்போது இந்தத் துண்டைத்தான் நிதானமாக ஓட்ட வேண்டும், அத்தனை பச்சை. அஞ்சலை பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை மூட்டைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். மில் வாசலில் நின்றபோது மணி 2.50.

உள்ளே போனதும் முதலில் உலையிடம் ஓடினேன். கிட்டே போகமுடியவில்லை, அனல். தனகோடி அண்ணன் ஒற்றைக் கையால் காலையிலிருந்தே எண்ணெய் விட்டுச் சூடு பண்ணியிருக்கிறார். கழன்ற கதவையும் தூக்கி மாட்டியிருந்தார். நேற்றுப் பதில் பேசாத மனிதர், புருவமில்லாத முகத்தோடு, "இன்னா இவ்ளோ லேட்டு?" என்றார். எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லாததால் கரி சுமந்தேன்.

3.20க்கு ட்ரம்மைப் பற்ற வைத்தோம். ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள், பாதிப் பேர் பயந்து வெளியே நின்றார்கள். இந்தக் கேஸுக்கு வாசனை கிடையாது, மூச்சில் போனால் ஆளையே சாய்த்துவிடும். அதனால் ட்ரம் பக்கம் யாரும் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று விரட்டிக்கொண்டே இருந்தேன். இந்த முறை கேஸை வெளிக்குழாயில் விட்டோம். கூரை மேல் சுடர் பிடிக்கும், அணையும், பிடிக்கும், அணையும். 4.40க்கு ஒரே நாக்காக நிமிர்ந்து நின்றது. வெயிலில் சரியாகத் தெரியவில்லை, அதன் பின்னால் தென்னை ஓலை நெளிவதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

அப்போது மாமா வந்தார். "கோமதி, ஞாயித்துக்கிழம நாலரைலேர்ந்து ஆறு ராகுகாலம். ஒன்ற மணி நேரம் பொறு."

"மாமா, நேத்து நல்ல நேரத்துலதான் வெச்சீங்க" என்றேன்.

அவர் முகம் சிறுத்தது. ஆறு மணி வரை கேஸை வானத்துக்கு எரித்தால் விடிவதற்குள் கரி தீர்ந்துவிடும், இரும்பு பாதியில் நிற்கும். அதை விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தனகோடி அண்ணன் தீப்பந்தத்தை இடது கையில் எடுத்துக்கொண்டார். வழக்கத்தை மீறாமல் நான் சுவருக்குப் பின்னால் நடந்தேன். அங்கே நின்று வாதாடத் தெம்பில்லை.

"எங்க போற?" என்றார் தனகோடி அண்ணன்.

"பின்னாடி."

"நேத்து உன்ன பின்னாடி நிக்க வெச்சு பாத்தோம் இல்ல? கைய பாரு. வா, எதிர்ல வந்து நில்லு. நீ சொல்லு, நான் வெக்கறேன்."

அஞ்சலையும், "நானும் நிக்கறேன், என் கரி" என்று என் பக்கத்தில் வந்து நின்றார். தீப்பந்தம் உள்ளே போனது. "இப்ப" என்றேன். வால்வைத் திறந்தார்கள். சத்தமே இல்லை. துணி உதறினால் வருமே அந்த அளவுகூட இல்லை. உலையின் உள்ளே ஒரு நீலம் பரவி, கல்லெல்லாம் மெதுவாகச் சிவக்கத் தொடங்கியது.

மறுநாள் திங்கள் 8.10. முதல் துண்டு தலையிலிருந்து வால் வரை ஒரே ஆரஞ்சு நிறத்தில் வெளியே வந்து, உருளைக்குள் புகுந்து, கடைசி வரிசையில் கம்பியாக நெளிந்து ஓடியது. ஆட்கள் போட்ட கூச்சலில் மோட்டார் சத்தம் கேட்கவில்லை. ஒன்பது மணிக்கு வந்த வெளியூர்க்காரரை மாமா டீ வாங்கிக் கொடுத்து வாசலோடு அனுப்பினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதைச் சொல்லாவிட்டால் நன்றாயிருக்காது. ஏழுமலைக்குச் செவ்வாய்க்கிழமை கம்பி போனது. மில் அந்தக் கேஸிலேயே வருஷக் கணக்கில் ஓடியது. அஞ்சலை மூட்டத்தை இரண்டு நாள் ஆறப்போட்டுத்தான் அனுப்புவார், நானும் அவசரப்படுத்த மாட்டேன். அதன்பின் எங்கள் மில்லில் புதிதாக ஒரு வழக்கம் வந்தது: கேஸ் மூட்டும்போது எதிரே பொம்பளை ஒருத்தி நின்றே ஆகவேண்டும். நான் லீவில் இருந்தால் டீக்கடை அக்காவைக் கூட்டிவந்து நிறுத்துவார்கள். இதுவும் மூடநம்பிக்கைதான். திருத்தவில்லை, திருத்தவும் மாட்டேன்.

இனி, கேட்டவர்களுக்கு வழி. காலை 5.30க்குள் வில்லியனூரிலிருந்து கிளம்புங்கள். ஒதியம்பட்டு, கொம்பாக்கம், முருங்கப்பாக்கம், அங்கே வலப்பக்கம் கடலூர் சாலை. அரியாங்குப்பத்தில் டீ. அதன்பின் லாரிகள் அதிகம், ஓரமாக ஓட்டுங்கள். ரெட்டிச்சாவடி தாண்டி கிருமாம்பாக்கம், கன்னியகோயில். அங்கிருந்து வலப்பக்கம் பாகூர், இடப்பக்கம் மணப்பட்டு. பாகூர் ஏரி வரை சுமார் இருபத்தாறு கிலோமீட்டர், சைக்கிளில் இரண்டு மணி நேரம். பறவை பார்ப்பதானால் ஏழரைக்குள் கரையில் இருக்க வேண்டும். மணப்பட்டுச் சவுக்குத் தோப்புக்குள் தயவுசெய்து பீடி, சிகரெட் பற்ற வைக்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், கரிக்கு வேண்டாம்.

இன்னும் ஒன்று. திங்கட்கிழமை 8.10 என்றேனே, பஞ்சாங்கம் தெரிந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். திங்கள் ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். மூட்டியதும் ராகுகாலம், பிறந்ததும் ராகுகாலம். "இந்த மொத கம்பிய எந்த வூட்டுக்கும் விக்க மாட்டேன், ஆவாது" என்று மாமா அதைத் தனியே தூக்கிப் போட்டார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பின்னாளில் வீடு கட்டியபோது தெருவாசல் நிலைக்கு மேலே கான்கிரீட்டுக்குள் அதை வைத்துத்தான் பூசச் சொன்னேன். கொத்தனார் நல்ல நேரம் கேட்டார், கைக்கு வந்த நேரம் என்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு விரிசல் விழவில்லை. எந்த ஊருக்குக் கிளம்பினாலும் அந்த வாசலுக்கு அடியில்தான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறேன். பஸ் நேரம் மட்டும்தான் பார்ப்பேன்.